விரல் விறைத்தால் பிரேக் பிடிப்பது யார்?

பைக் பக்கம் – வாசகர் கேள்விகளும் பதில்களும்

மார்கழி பிறந்தால் மலைப் பயணக் கேள்விகள் வரிசை கட்டிவிடும். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஹீட்டட் கிரிப் பற்றியவை. ஹேண்டில்பார் கைப்பிடி ரப்பருக்குள் மெல்லிய ஹீட்டர் கம்பியைப் பதித்து, பைக் பேட்டரியின் மின்சாரத்தில் சூடேற்றும் சாதனம் அது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறோம்.

பெரம்பூர் வாசகர்: ஜனவரியில் கிளாசிக் 350-ல் ஊட்டி போகிறோம். ஹீட்டட் கிரிப் போடலாமா என்று மெக்கானிக்கிடம் கேட்டால், "மெட்ராசுக்கு ஏசி கிரிப்தான் சார் வேணும்" என்று சிரிக்கிறார். நிஜமாகவே தேவையா?

அவர் சிரிப்பில் தப்பில்லை. சென்னையில் ஜனவரி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஆனால் நீங்கள் போகிற இடம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வேகமாக இழப்பதால் அதற்கும் கீழே போகும். தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்வெளிகளில் உறைபனி படர்வது அப்படித்தான்.

இதோடு காற்றையும் சேர்க்க வேண்டும். காற்றின் வெப்பநிலை 5 டிகிரி. நீங்கள் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 2 டிகிரி போலத் தெரியும். உடம்பு குளிர்ந்தால் நடுவுடம்பின் சூட்டைக் காப்பாற்ற, கை கால் விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். முதலில் வலி, பிறகு மரமரப்பு, அதன் பிறகு விரல் சொன்னபடி கேட்காது. ஊசிமுனை வளைவில் பிரேக் லீவரை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாமல் போவதுதான் உண்மையான ஆபத்து.

ஒரே ஒரு ஊட்டிப் பயணத்துக்கு என்றால், எங்கள் பதில்: தேவையில்லை. பலர் இரவெல்லாம் ஓட்டி, விடியும் முன் மேட்டுப்பாளையம் போய், சூரியன் வருவதற்குள் குன்னூர் ஏறுகிறார்கள். ஒரு நாளின் மிகக் குளிர்ந்த நேரத்தைத் தேடிப் பிடித்து ஏறுவது அது. மேட்டுப்பாளையத்தில் டிபன் சாப்பிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்புங்கள். பாதிப் பிரச்னை அங்கேயே தீர்ந்துவிடும். நெஞ்சைக் காற்றிலிருந்து மறையுங்கள். ஜாக்கெட்டுக்கு மேல் சாதாரண ரெயின்கோட் போட்டாலே காற்று உள்ளே வராது. நெஞ்சு சூடாக இருந்தால் உடம்பு விரலுக்கு ரத்தம் அனுப்பத் தயங்காது. தேவைப்பட்டால், இரும்புத் தூள் அடைத்த, ஒருமுறை பயன்படுத்தும் கை வார்மர் பைகள் கிடைக்கின்றன. காற்று பட்டால்தான் அவை சூடாகும், அதனால் கிளம்பக் கால் மணி நேரம் முன்பே உறையைப் பிரித்துவிடுங்கள். உள் கிளவுஸுக்கு மேல், புறங்கைப் பக்கம் வையுங்கள். உள்ளங்கையில் வைத்தால் பிடிமானம் கெடும், நேரடியாகத் தோலில் வைத்தால் சுடும்.

ஒவ்வொரு குளிர்காலமும் மலை ஏறுபவர், டிசம்பர் விடியலில் அடிக்கடி ஓசூர் வழியாகப் பெங்களூரு போகிறவர், லடாக் திட்டம் வைத்திருப்பவர் ஆகியோருக்கு ஹீட்டட் கிரிப் வீண் செலவு அல்ல. லடாக்கின் கார்துங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல். அங்கே செப்டம்பரிலேயே காலையில் நீர் உறையும்.

அம்பத்தூர் வாசகர்: என்னிடம் இருப்பது 125 சிசி பைக். ஹீட்டட் கிரிப் போட்டால் பேட்டரி இறங்கிவிடும் என்கிறார்கள். தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. கிட் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம்.

முழுச் சூட்டில் ஒரு ஜோடி கிரிப் 40 முதல் 50 வாட் வரை இழுக்கும், அதாவது மூன்றரை, நான்கு ஆம்பியர். பேட்டரியிலிருந்து அது வருவதாக நினைக்கக் கூடாது. வண்டி ஓடும்போது மின்சாரம் தருவது எஞ்சினோடு சுற்றும் ஆல்டர்னேட்டர் (நம் ஊர் மெக்கானிக்குகள் மேக்னெட் காயில் என்பார்கள்). பேட்டரி ஒரு சின்னச் சேமிப்புத் தொட்டி மட்டுமே. ஆல்டர்னேட்டரில் மிச்சம் இருந்தால் கிரிப் ஓடும். இல்லாவிட்டால் தொட்டி காலியாகும். ஹெட்லைட், டெயில் லைட், பற்றவைப்பு, ஃபியூயல் இன்ஜெக்ஷன் இருந்தால் அதன் பம்ப் எல்லாம் எடுத்தது போக மீதிதான் உங்களுக்கு. ஏப்ரல் 2017-க்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட்டை அணைக்கவே முடியாது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சோதனை இதுதான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குங்கள். ஜி.பி. ரோட்டில் கார் இண்டிகேட்டருக்குப் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு இரண்டு, ஹோல்டரோடு. இரண்டு பல்பையும் இணையாகக் கோத்தால் 42 வாட்; ஹீட்டட் கிரிப்புக்கு ஏறக்குறைய சமமான சுமை.

வண்டியை ஓட்டாமல் ஓர் இரவு நிறுத்திவிட்டுக் காலையில் பேட்டரி முனையில் அளந்தால் 12.6 முதல் 12.8 வோல்ட் காட்ட வேண்டும். 12.4-க்குக் கீழே என்றால் முதலில் பேட்டரியைச் சார்ஜ் செய்யுங்கள். இல்லாவிட்டால் சோதனை பொய் சொல்லும். பிறகு ஸ்டார்ட் செய்து, நீங்கள் வழக்கமாக ஓட்டும் சுழற்சிக்கு (சிறிய வண்டியில் 4,000 ஆர்பிஎம் என்று வைத்துக்கொள்ளலாம்) முறுக்கிப் பிடியுங்கள். 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். இப்போது 7.5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக இரண்டு பல்பையும் பேட்டரியில் இணையுங்கள். பல்பு தொட்டால் சுடும், சீட் ரெக்ஸின் மேல் போடாதீர்கள். ஹெட்லைட் எரிய, அதே சுழற்சியில் ஐந்து நிமிடம் பாருங்கள். 13.2-க்கு மேல் நின்றால் தாராளமாகப் போடலாம். 12.8-க்குக் கீழே போய், மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தால் ஆல்டர்னேட்டர் கையை விரித்துவிட்டது என்று அர்த்தம். இடைப்பட்ட நிலையில் இருந்தால், பாதிச் சூட்டில் மட்டும் ஓட்டலாம். வோல்ட் மீட்டர் ஒன்றை ஹேண்டில்பாரில் பொருத்திக்கொள்வது நல்லது.

சின்ன வண்டிகளின் பேட்டரிக் கொள்ளளவு 2.5 முதல் 4 ஆம்பியர் அவர் வரைதான் இருக்கும். கிண்டி சிக்னல் போன்ற இடத்தில் ஐடிலிங்கில் நிற்கும்போது ஆல்டர்னேட்டர் தருவது இன்னும் குறைவு. அங்கே கிரிப்பை அணைத்து வைப்பதே சரி. பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் நேரே காயிலிலிருந்து ஏசி மின்சாரத்தில் எரியும். பேட்டரி சார்ஜுக்கு என்று ஒதுக்கப்படுவது கொஞ்சம்தான். அவற்றில் ஹீட்டட் கிரிப் வேண்டவே வேண்டாம். கைக்கவசமும் நல்ல கிளவுஸும் போதும்.

பெரிய பேட்டரி மாட்டினால் சரியாகிவிடுமா என்று நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். ஆகாது. வரத்து குறைவாக இருக்கும்போது தொட்டியைப் பெரிதாக்கினால், காலியாகக் கூடுதல் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். ஹாலஜன் ஹெட்லைட் உள்ள வண்டிக்கு அதே வெளிச்சம் தரும் தரமான எல்இடி போட்டால் கொஞ்சம் வாட் மிச்சமாகும். ஆனால் எதிரே வருபவர் கண்ணைப் பறிக்கிற மலிவு எல்இடி வேண்டாம்.

வேளச்சேரி வாசகர்: யுஎஸ்பியில் ஓடும் சுற்றிக் கட்டுகிற கிரிப் உறைகள் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கின்றன. வயரிங் வேலையே இல்லை என்கிறார்கள்.

சாதாரண யுஎஸ்பி போர்ட் 5 வோல்ட், 2 ஆம்பியர் தரும். அதாவது 10 வாட். இரண்டு கைக்கும் சேர்த்து! நின்றுகொண்டு தொட்டுப் பார்த்தால் இதமாக இருக்கும். 60-ல் போகும்போது காற்று அதைத் தின்றுவிடும். அதைவிடப் பெரிய குறை, வெல்க்ரோவால் கட்டும் உறை வலது பக்கம் வழுக்கிச் சுற்றுவது. ஆக்சிலரேட்டர் மேல் வழுக்குகிற எதையும் கட்டாதீர்கள்.

தாம்பரம் வாசகர்: ஹிமாலயன் 411-க்கு ஒரு கிட் வாங்கிவிட்டேன். நானே பொருத்த நினைக்கிறேன். படிப்படியாகச் சொல்லுங்கள்.

நல்ல வண்டி இதற்கு. ஆல்டர்னேட்டர் 220 வாட் அளவுக்குத் தரும், பேட்டரி 8 ஆம்பியர் அவர். ஹாலஜன் ஹெட்லைட்டும் இன்ஜெக்ஷனும் எடுத்தது போகவும் 50 வாட்டுக்கு இடம் இருக்கும். ஏற்கெனவே ஒரு ஜோடி ஃபாக் லேம்ப் மாட்டியிருந்தால் மட்டும் மேலே சொன்ன பல்பு சோதனையைச் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

கிட்டோடு வருவது போகத் தேவையானவை: 12 வோல்ட் 30 ஆம்பியர் நாலு பின் ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று, மழைநீர் புகாத மூடியுள்ள ஃபியூஸ் ஹோல்டர், 7.5 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் இரண்டு (ஒன்று கையிருப்பு), ஒன்றரை சதுர மில்லிமீட்டர் வயர் சிவப்பிலும் கறுப்பிலும் இரண்டிரண்டு மீட்டர், பேட்டரி போல்ட்டுக்கான ரிங் டெர்மினல், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு பட்டால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும் உறை), கேபிள் டை.

முதல் விதி: ஒட்டுவதற்கு முன் மின்சாரத்தைச் சோதியுங்கள். கிட்டை மேஜைமேல் வைத்து நேரே பேட்டரியில் கொடுத்து, இரண்டு கிரிப்பும் சூடாகிறதா, சுவிட்ச்சின் எல்லாப் படிகளும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். ஒட்டிய கிரிப்பைக் கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார்.

இரண்டு கிரிப்பும் ஒரே துளை அல்ல. இடது பக்கம் 22 மில்லிமீட்டர் ஹேண்டில்பார் மேல் நேரடியாக ஏறும். வலது பக்கம் அந்தப் பாரின் மேல் சுற்றும் பிளாஸ்டிக் ஆக்சிலரேட்டர் குழாயின் மேல் ஏறும், அதனால் துளை பெரிது. பழைய கிரிப்பைக் கழற்ற, பார் எண்டை (ஹேண்டில்பார் முனையில் இருக்கும் எடை) கழற்றிவிட்டு, பஞ்சர் கடை கம்ப்ரஸர் முனையை ரப்பர் விளிம்புக்கு அடியில் நுழைத்துக் காற்றடித்தால் கிரிப் ஊதிக்கொண்டு வழுக்கி வந்துவிடும். காற்று வசதி இல்லையென்றால் சோப்புத் தண்ணீர். எண்ணெய் ஸ்பிரே அடித்தால் பிறகு ஒட்டும் பசை பிடிக்காது. அடித்தே ஆக வேண்டுமென்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

ஆக்சிலரேட்டர் குழாயின் மேல் வரிவரியாக மேடுகள் இருக்கும். பழைய ரப்பர் வழுக்காமல் பிடிக்க வைத்தவை அவை. புதிய கிரிப்பின் உள்பக்கம் கெட்டிப் பிளாஸ்டிக் என்பதால் மேடுகளை அரத்தால் ராவிச் சமப்படுத்த வேண்டும். கொஞ்சம் ராவுங்கள், போட்டுப் பாருங்கள், மறுபடி ராவுங்கள். சுத்தியலால் தட்டி ஏற்றினால் உள்ளே இருக்கும் ஹீட்டர் கம்பி அறுந்துபோகும். கையால் அழுத்தி, கடைசி ஒரு விரற்கடை மட்டும் இறுக்கமாகப் போனால் அளவு சரி.

பசை இல்லாமல் போட்டுப் பார்க்கும் இந்த நேரத்தில்தான் வலது வயரின் திசையைத் தீர்மானிக்க வேண்டும். ஹீட்டட் கிரிப் கெட்டுப்போவதற்கு முதல் காரணம் இந்த வயர். ஒவ்வொரு முறை முறுக்கும்போதும் அது கிரிப்போடு சேர்ந்து கால் வட்டம் போல் சுற்றுகிறது. ஆக்சிலரேட்டர் முழுவதும் மூடியிருக்கும்போதும், முழுவதும் திறந்திருக்கும்போதும் வயர் பிரேக் லீவரிலோ, மாஸ்டர் சிலிண்டரிலோ (பிரேக் ஆயில் இருக்கும் டப்பா), சுவிட்ச் பெட்டியிலோ இடிக்கக் கூடாது, இழுபடவும் கூடாது. ஒரு தளர்வான வளையம் விட்டு, அதற்குப் பிறகுதான் கேபிள் டை. கிரிப் விளிம்புக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் இடையே ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி கண்டிப்பாக வேண்டும். வெளி முனையில் பார் எண்டும் உரசக் கூடாது.

பிறகு பசை. கிட்டோடு வரும் பசை பெரும்பாலும் நொடிகளில் பிடித்துவிடும். அதனால் கிரிப் உட்கார வேண்டிய இடத்தை முன்பே மார்க்கரால் குறித்துவையுங்கள். பசை மெல்லியதாகப் போதும். வழிந்து குழாய்க்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே போய்விட்டால் ஆக்சிலரேட்டர் அங்கேயே ஒட்டிக்கொள்ளும்; முறுக்கிய நிலையில் நின்றுபோகிற வண்டி எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. முடிந்தால் ஆக்சிலரேட்டர் குழாயைக் கழற்றி வெளியே வைத்து ஒட்டி, காய்ந்த பிறகு மாட்டுவது மிகப் பாதுகாப்பானது. பசையின் உறையில் போட்டிருக்கும் நேரம் காயவிடுங்கள். ஓர் இரவு விட்டால் இன்னும் நல்லது.

இனி வயரிங். ரிலேயின் பின்களில் எண்கள் பொறித்திருக்கும். 30-ல் பேட்டரி பிளஸ், ஃபியூஸ் வழியாக. ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும்; நடுவழியில் வைத்தால், பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடைப்பட்ட வயர் உரசி ஷார்ட் ஆகும்போது காப்பாற்ற எதுவும் இருக்காது. 87-ல் கிரிப் கன்ட்ரோலரின் (சூட்டைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச்) பிளஸ். 85-ல் எர்த். 86-ல் சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும் ஒரு வயர். டெயில் லைட் வயர் இதற்குத் தோது. வயரின் நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரில் சாவியைப் போட்டும் எடுத்தும் பாருங்கள். ரிலே காயில் 0.2 ஆம்பியர்கூட எடுக்காது, அதனால் கம்பெனி வயரிங்குக்குச் சுமை இல்லை. கிரிப்பின் மைனஸை ஃபிரேமில் கண்ட இடத்தில் திருகாமல் நேராகப் பேட்டரி மைனஸுக்கே கொண்டுபோங்கள்.

ரிலே எதற்கு, சுவிட்ச்தான் இருக்கிறதே என்று தோன்றலாம். டீக்கடையில் நிறுத்தி மறந்துவிட்டால், 8 ஆம்பியர் அவர் பேட்டரியை 4 ஆம்பியர் சுமை ஒரு மணி நேரத்தில் பாதியாக்கிவிடும். குளிரில் பேட்டரி வேறு சோர்ந்திருக்கும், செல்ஃப் எடுக்காது. சில கிட்டுகளில் வோல்டேஜ் குறைந்தால் தானாக அணையும் வசதி உண்டு, ஆனாலும் ரிலே போட்டால் நிம்மதி.

கடைசிச் சோதனையை விட்டுவிடாதீர்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சின் ஓட, ஹேண்டில்பாரை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்புங்கள். சுழற்சி ஏறக் கூடாது. ஏறினால் ஏதோ ஒரு வயர் ஆக்சிலரேட்டர் கேபிளை இழுக்கிறது. முறுக்கிவிட்டுக் கையை எடுத்தால் 'டக்' என்று மூடிக்கொள்ள வேண்டும். மெதுவாக மூடினால் வண்டியைத் தெருவில் எடுக்காதீர்கள்.

ரைட் பை வயர் வண்டிகளில், அதாவது ஆக்சிலரேட்டரில் கேபிளுக்குப் பதில் சென்சார் இருப்பவற்றில், குழாயை நீங்களே கழற்ற வேண்டாம். அந்த மாடலுக்கென்றே செய்த கிட்டை மட்டும் வாங்குங்கள்.

அண்ணா நகர் வாசகர்: ஹீட்டட் கிரிப் போட்டும் விரல் நுனி விறைக்கிறது. உள்ளங்கை வேகிறது. ஏன்?

கிரிப் உள்ளங்கையை மட்டும்தான் தொடுகிறது. காற்று அடிப்பது புறங்கையிலும் விரல் முட்டிகளிலும். ஒரு பக்கம் 50 வாட், மறுபக்கம் ஐஸ் காற்று என்றால் காற்றுதான் ஜெயிக்கும். ஹீட்டரை ஏற்றிப் பயனில்லை, காற்றைத் தடுக்க வேண்டும். அட்வென்சர் வண்டிகளில் வரும் ஹேண்ட் கார்டு, அதாவது லீவருக்கு முன்னால் நிற்கும் பிளாஸ்டிக் கவசம், இங்கே பெரிய வித்தியாசம் செய்யும். வெறும் அலுமினியக் கம்பி வளையம் மட்டும் இருக்கும் வகை விழுந்தால் லீவரைக் காப்பாற்றும், காற்றைத் தடுக்காது. அகலமான பிளாஸ்டிக் உள்ளதாக வாங்குங்கள்.

கிளவுஸும் மாற வேண்டியிருக்கலாம். ஹீட்டட் கிரிப்போடு போடும் கிளவுஸ் உள்ளங்கைப் பக்கம் மெல்லிய தோலாகவும், புறங்கையில் கனமான பஞ்சோடும் இருக்க வேண்டும். உள்ளங்கையிலும் பஞ்சு அடைத்த பனிக் கிளவுஸ் போட்டால் கிரிப்பின் சூடு கைக்கு வந்து சேராது. இறுக்கமான கிளவுஸ் இன்னும் மோசம். ரத்த ஓட்டத்தை அதுவே நிறுத்திவிடும். விரல் நுனியில் கொஞ்சம் காலி இடம் இருக்க வேண்டும்.

ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் எப்போதும் லீவர் மேல் வைத்து ஓட்டும் பழக்கம் சென்னை டிராஃபிக் கற்றுக்கொடுத்தது. மலையில் அந்த இரண்டு விரல்தான் முதலில் விறைக்கும். லீவர் அலுமினியம், விரல் சூட்டை உறிஞ்சி எடுக்கும். லீவரில் விரல் படும் இடத்துக்கு ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு ஹேர் டிரையரால் சுருக்கிவிடுங்கள். கைக்கு அடக்கமான செலவு. லீவர் கீலுக்குள் ஸ்லீவ் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே வாசகர், இடது கிரிப் வலதைவிடக் குறைவாகச் சுடுகிறது என்றும் எழுதியிருக்கிறார். கோளாறு அல்ல. வலது பக்கம் பிளாஸ்டிக் குழாய் நடுவில் இருப்பதால் சூடு உள்ளே போகாது. இடது பக்கம் ஹீட்டர் நேரே உலோகப் பாரின் மேல் உட்கார்ந்திருக்கிறது, பாதிச் சூட்டை அது குடித்துவிடுகிறது. முழுக் கிரிப்பாக வரும் தரமான கிட்டுகளில் இதைக் கணக்கிட்டே செய்திருப்பார்கள். பழைய கிரிப்புக்கு அடியில் ஒட்டும் ஹீட்டர் ஃபிலிம் வகையில் இந்தக் குறை அதிகம். அதற்கு இடது பாரின் மேல் ஓர் அடுக்கு ஹீட் ஷ்ரிங்க் போட்டு, அதன் மேல் ஃபிலிமை ஒட்டலாம்.

குரோம்பேட்டை வாசகி: ஏசி அறையில் உட்கார்ந்தாலே என் விரல்கள் வெள்ளையாகி, பிறகு நீலம், பிறகு சிவப்பாக மாறும். கணவரோடு ஆளுக்கொரு பைக்கில் ஏற்காடு போகத் திட்டம். ஹீட்டட் கிரிப் உதவுமா?

நீங்கள் சொல்லும் நிறமாற்றம் ரேனாட் நோயின் அடையாளமாக இருக்கலாம். விரல் ரத்தக் குழாய்கள் குளிருக்கு அளவு மீறிச் சுருங்கும் நிலை அது; பெண்களுக்கு அதிகம். முதலில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். சில சமயம் வேறு நோயின் துணையாகவும் வரும். பீட்டா பிளாக்கர் போன்ற சில ரத்த அழுத்த மாத்திரைகள் இதை அதிகப்படுத்தக் கூடியவை, எனவே சாப்பிடும் மருந்துகளின் பட்டியலைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஏற்காடு 1,500 மீட்டர்தான், ஊட்டி அளவுக்குக் கடுமை இல்லை. உங்களுக்கு ஹீட்டட் கிரிப்பைவிட, புறங்கையையும் ஒவ்வொரு விரலையும் சுற்றி ஹீட்டர் கம்பி ஓடும் ஹீட்டட் கிளவுஸ் பொருத்தம். 7.4 வோல்ட் லித்தியம் பேட்டரியில் ஓடுவதால் வண்டி மின்சாரத்தைத் தொடாது. முழுச் சூட்டில் இரண்டு, இரண்டரை மணி நேரம்தான் தாங்கும் என்பது அதன் குறை. சேலத்தில் முழுதாகச் சார்ஜ் செய்துகொண்டு, மலை ஏறும்போது போட்டால் போதும். விறைத்த பிறகு போடாமல், விறைக்கும் முன்பே போடுங்கள்.

ஓர் எச்சரிக்கை, சர்க்கரை நோயால் விரல் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் சேர்த்து: மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது. கிரிப்போ கிளவுஸோ முழுச் சூட்டில் நீண்ட நேரம் இருந்தால் புண்ணாகும். நடுத்தரச் சூட்டுக்கு மேல் போகாதீர்கள். சைலன்சரிலும் எஞ்சினிலும் கையை வைத்துக் காய்ச்சும் பழக்கமும் வேண்டாம். செயற்கை இழைக் கிளவுஸ் உருகிக் கையோடு ஒட்டும்.

ராயபுரம் வாசகர்: வெயில் காலத்திலேயே ஈசிஆரில் ஒரு மணி நேரம் ஓட்டினால் வலது கை மரத்துவிடுகிறது. ஹீட்டட் கிரிப் போட்டால் சரியாகுமா?

ஆகாது. அது குளிர் அல்ல, அதிர்வும் நரம்பு அழுத்தமும். கட்டை விரல், ஆட்காட்டி, நடுவிரல் மரத்தால் மணிக்கட்டு நடுவே போகும் நரம்பு. சுண்டு விரலும் மோதிர விரலும் என்றால் உள்ளங்கை ஓரத்து நரம்பு. கிரிப்பை இறுக்கிப் பிடிக்காதீர்கள், லீவரின் சாய்வை முன்கைக்கு நேர்கோட்டில் வையுங்கள், பார் எண்டு எடை தளர்ந்திருக்கிறதா பாருங்கள். இரவிலும் மரத்தால் மருத்துவர்.

திருவான்மியூர் வாசகர்: போன வருடம் கொடைக்கானலில் நன்றாக வேலை செய்தது. இப்போது போட்டுப் பார்த்தால் வலது பக்கம் மட்டும் சூடாகவில்லை.

ஒரு பக்கம் வேலை செய்கிறது என்றால் பேட்டரி, ஃபியூஸ், ரிலே எல்லாம் சரி. கன்ட்ரோலருக்கும் வலது கிரிப்புக்கும் இடையில்தான் கோளாறு. கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். உப்புக் காற்று கனெக்டர் பின்களில் பச்சைப் பாசி போல் படிந்திருக்கும். கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, காய்ந்ததும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்) தடவி மாட்டுங்கள்.

அதில் சரியாகாவிட்டால் வலது கிரிப் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) அளந்து பாருங்கள். பக்கத்துக்கு 20, 25 வாட் கிட் என்றால் பெரும்பாலும் 6 முதல் 9 ஓம் வரை காட்டும். இடது பக்கத்தோடு ஒப்பிடுங்கள். எல்லையற்றது என்று காட்டினால் வயர் அறுந்திருக்கிறது. மீட்டரைப் பிடித்தபடியே ஆக்சிலரேட்டரை மெல்ல முறுக்குங்கள். ஏதோ ஒரு இடத்தில் எண் வந்து வந்து போனால், கிரிப்பை விட்டு வயர் வெளியே வரும் வளைவில்தான் அறுந்துள்ளது. வெளியே அரை அங்குலமாவது மிச்சம் இருந்தால் சால்டர் செய்து ஸ்லீவ் போடலாம். விளிம்போடு அறுந்திருந்தால் கிரிப்பையே மாற்ற வேண்டியதுதான். ஹீட்டர் வயருக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையிலும் ஒருமுறை அளந்து பாருங்கள். அங்கே எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. காட்டினால் உள்ளே ஷார்ட். இரண்டு பக்கமும் ஒன்றாகச் செத்திருந்தால் மட்டும் ஃபியூஸிலிருந்து தொடங்குங்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 15 ஆம்பியர் போட்டுவிடாதீர்கள். அப்போது எரியப்போவது வயரிங்.

முகப்பேர் வாசகர்: மின்சார ஸ்கூட்டரில் போடலாமா?

12 வோல்ட் கருவிகளுக்குத் தனிக் கன்வெர்ட்டர் ஒன்று பெரிய பேட்டரியிலிருந்து குறைத்துத் தருகிறது. அதன் அளவு விளக்கு, ஹாரன், டிஸ்பிளேவுக்குக் கணக்கிட்டது. கம்பெனியே தரும் ஆக்சஸரி தவிர வேறு எதையும் அதில் கோக்காதீர்கள். வாரன்டி போகும், நடுவழியில் ஸ்கூட்டரே அணைந்தும் போகலாம். ஸ்கூட்டருக்கு மலிவான வழி பார் மஃப்: ஹேண்டில்பார் முனையையும் லீவரையும் சேர்த்து மூடும் ரெக்ஸின் பை. கை உள்ளே போய் வருவது தடங்கல் இல்லாமல் இருக்க வேண்டும், காற்றில் பை அழுந்தி பிரேக் லீவரைத் தள்ளக் கூடாது. பிரேக் லைட் காரணமில்லாமல் எரிகிறதா என்று ஒருவரைப் பின்னால் வரச் சொல்லிப் பாருங்கள்.

கொளத்தூர் வாசகர்: பயணம் முடிந்ததும் கழற்றி வைத்துவிடலாமா? ஏப்ரல், மே வெயிலில் சுவிட்ச்சில் தெரியாமல் கை பட்டால்?

கழற்றினால் ஒட்டிய பசை ரப்பரையும் ஹீட்டரையும் பிய்த்துக்கொண்டு வரும், திரும்பப் போட முடியாது. அப்படியே இருக்கட்டும். ஃபியூஸை உருவி ஒரு சிறிய பையில் போட்டு டூல் கிட்டில் வையுங்கள், காலியான ஹோல்டரின் மூடியை அழுத்தி மூடுங்கள். வெயிலில் நிறுத்தும்போது கைப்பிடி மேல் ஒரு துணி போடுங்கள். வடகிழக்கு மழை விட்டதும், டிசம்பர் கடைசியில் கனெக்டர்களைச் சுத்தம் செய்து, ஃபியூஸைப் போட்டு, ஊர் கிளம்ப ஒரு வாரம் முன்பே இரண்டு பக்கமும் சூடாகிறதா என்று பாருங்கள். கெட்டிருந்தால் ஜி.பி. ரோடு போய்வர அவகாசம் இருக்கும். கொடைக்கானலில் அந்த வயர் கிடைக்காது.